காலியாகக் கிடக்கும் ஒரு கட்டம்

நான்கு மாத உழைப்பை ஒரே பிற்பகலில் நானே தூக்கி எறிய நேர்ந்தது. அந்த நிகழ்வையும், அதிலிருந்து நான் வந்து சேர்ந்த கருத்தையும் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். பதிவு சற்று நீளமானது; பொறுமையுடன் படிப்பவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.

எலெக்ட்ரானிக் சிட்டி முதற்கட்டப் பகுதியில் உள்ள ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்து வருகிறேன். என் வேலை சோதனைக்குழாய்களோடு அன்று, கணினியோடு. உலகின் பல ஆய்வகங்கள் பொதுத் தரவகங்களில் வைத்திருக்கும் மரபணு வெளிப்பாட்டுத் தரவுகளை எடுத்து, கலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணி மனித இரத்தத்தில் எந்தெந்த மரபணுக்களைத் தூண்டுகிறது, எவற்றை அடக்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே என் பணி. அப்படி ஒரு தொகுப்பில் நோயாளிகளுக்கும் நோயற்றவர்களுக்கும் இடையே மிகத் தெளிவான வேறுபாடு கிடைத்தது. பட்டியலைப் பார்த்து மகிழ்ந்தேன். கருத்தரங்கச் சுவரொட்டிக்கு உரிய படங்களைக்கூட வரைந்துவிட்டேன்.

அதன் பிறகே பட்டியலின் உச்சியில் நின்ற ஒரு பெயர் உறுத்தியது. எக்ஸிஸ்ட் என்பது இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றை உறங்க வைக்கும் மரபணு. ஆகவே பொதுவாகப் பெண் உடலின் உயிரணுக்களில்தான் அது வெளிப்படும். ஒய் குரோமோசோமில் அமர்ந்திருக்கும் டிடிஎக்ஸ்3ஒய் போன்றவை ஆண் உடலில் மட்டுமே வெளிப்படும். இரண்டையும் வைத்து ஒவ்வொரு மாதிரியையும் சோதித்தேன். நோயாளிகளுள் பெரும்பாலோர் ஆண்கள். நோயற்றோருள் பெரும்பாலோர் பெண்கள். நான் 'நோயின் சுவடு' என்று கொண்டாடியவற்றுள் பாதிக்கு மேல், ஆணுக்கும் பெண்ணுக்கும் இயல்பாகவே உள்ள வேறுபாடு. தரவுடன் வந்த அட்டவணையில் வயது, நோய்நிலை எல்லாம் நிரம்பியிருந்தன. பால் என்ற கட்டத்தில் மட்டும் 'தரப்படவில்லை' என்றிருந்தது. தராதவர்மேல் மட்டும் பழி போட எனக்கு மனமில்லை. அந்தக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தும் நான்கு மாதம் கேள்வி கேட்காமல் இருந்தது நான்தான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த தனி விபத்தன்று. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, பொதுவெளியில் உள்ள 70 மரபணு வெளிப்பாட்டுத் தொகுப்புகளை இதே முறையில் சோதித்தது. அவற்றுள் 32 தொகுப்புகளில் குறைந்தது ஒரு மாதிரியாவது, எழுதப்பட்ட பாலுக்கு மாறாக இருந்தது. எழுதப்பட்ட இடத்திலேயே இந்த நிலை என்றால், எழுதப்படாத இடத்தைப் பற்றி என்ன சொல்வது?

என் கருத்தை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுண்ணி நோயையோ புற்றுநோயையோ ஆராயும் எந்தக் கட்டுரையும், ஆராயப்பட்ட உடலின் பாலையும், இயன்றவரை அதன் ஹார்மோன் நிலையையும் குறிப்பிடாமல் அச்சேறக் கூடாது. இதைப் பெண்ணுரிமைக் கோரிக்கை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அப்படியே இருந்தாலும் தவறில்லை. ஆனால் முதலில் இது அளவீட்டு ஒழுக்கம் பற்றிய கோரிக்கை.

ஏன் இவ்வளவு அழுத்தம் என்பதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குகிறேன். இலங்கையின் வடபகுதியில் அமீபா கல்லீரல் சீழ்க்கட்டி நெடுங்காலமாக அறியப்பட்ட நோய். அண்மை ஆண்டுகளில் அங்குள்ள ஆய்வாளர்கள் அதை முறையாக ஆராய்ந்து பதிவு செய்தபோது, நோயாளிகளுள் ஏறத்தாழ அனைவரும் நடுவயது ஆண்களாகவும் மது அருந்துபவர்களாகவும் இருந்தார்கள். பனங்கள்ளின் பெயரும் அடிபட்டது. ஊரார் சொல்லும் விளக்கமும் அதுவே: ஆண்கள் கள் குடிக்கிறார்கள், ஆண்களுக்குக் கட்டி வருகிறது. இதில் உண்மை உண்டு. தூய்மையற்ற கள் அமீபாவைச் சுமந்து வரலாம். மது கல்லீரலை நலிவடையச் செய்யலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வியட்நாமின் ஹுவே நகரம் இந்த நோய் மிகுந்த மற்றோர் இடம். அங்கே நோய்க்குறி ஏதுமின்றி அமீபாவைக் குடலில் சுமப்பவர்களைக் கணக்கிட்டபோது, ஆண்கள் பெண்களைவிட அதிகமாக இல்லை. அதாவது அமீபா இருபாலர் வயிற்றுக்குள்ளும் போகிறது. கல்லீரலைக் கரைக்கும் அளவுக்கு வளர்வது பெரும்பாலும் ஆண்களிடத்தில். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள பெர்ன்ஹார்டு நோக்ட் வெப்பமண்டல மருத்துவ நிறுவனத்தார் இதை எலிகளில் பரிசோதித்தார்கள். கள் குடிக்காத ஆண் எலிகளுக்கும் பெண் எலிகளைவிடப் பெரிய கட்டிகள் வந்தன. பெண் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது அவற்றின் பாதுகாப்புக் குறைந்தது. காரணத்தைத் துருவிப் போனபோது, இயற்கைக் கொல்லி டி அணுக்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற போர்முரசை அந்த ஹார்மோன் தணித்துவிடுவது தெரிந்தது.

இன்டர்ஃபெரான் காமா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2022-இல் இதே பெயர், ஒட்டுண்ணிக்குத் தொடர்பே இல்லாத இடத்தில் தோன்றியது. புரோஸ்டேட் புற்றுநோயை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், புற்றணுக்களைக் கொல்லும் டி அணுக்களுக்குள்ளேயே ஆண் ஹார்மோனின் ஏற்பி இருந்துகொண்டு இன்டர்ஃபெரான் காமா மரபணுவை அடக்குவதாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்த ஏற்பியைத் தடுத்தால், நோயெதிர்ப்புச் சிகிச்சை எலிகளில் மேலும் நன்றாக வேலை செய்தது. அதே ஆண்டில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றி வேறொரு குழு, ஆண் ஹார்மோன் டி அணுக்களைச் சோர்வடையச் செய்கிறது என்று காட்டியது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உலகெங்கும் ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். புகைப்பழக்கம் மட்டும் அந்த வேறுபாடு முழுவதையும் விளக்கிவிடவில்லை.

அமீபாவும் புற்றணுவும் ஒன்றையொன்று அறியா. ஆனால் இரண்டும் தட்டுவது ஒரே கதவை. உடலுக்குள் நெடுநாள் தங்க வேண்டிய எதுவும் நோயெதிர்ப்பைத் தூங்கவைத்தாக வேண்டும். அந்தத் தூக்கத்தின் ஆழத்தை நிர்ணயிப்பவற்றுள் பாலியல் ஹார்மோன்களும் உண்டு. ஒட்டுண்ணியியல் ஒரு துறையாகவும் புற்றுநோயியல் வேறொரு துறையாகவும் வெவ்வேறு கட்டடங்களில் இருப்பதால் இந்த ஒற்றுமை நம் கண்ணில் படுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'ஆண் ஹார்மோன் எதிர்ப்பைக் குறைக்கும், பெண் ஹார்மோன் கூட்டும்' என்று ஒற்றை வரியில் மனப்பாடம் செய்துவிட வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி தாக்கினால் பெண் எலிகளே விரைந்து மடிகின்றன. நாடாப்புழு இனத்தைச் சேர்ந்த டீனியா கிராசிசெப்ஸ் பற்றி மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தார் கண்டது இன்னும் வியப்பானது. அந்தப் புழு பெண் எலிகளில்தான் அதிகம் பெருகுகிறது. ஆண் எலியில் தொற்று நீடித்தால், நாளடைவில் அதன் டெஸ்டோஸ்டிரோன் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, ஈஸ்ட்ரோஜன் 200 மடங்கு வரை ஏறுகிறது. குடியிருக்க வந்த புழு வீட்டையே தனக்கேற்ப மாற்றிக் கட்டிக்கொள்கிறது. ஆகவே எந்த ஒட்டுண்ணி, எந்த உடல், எந்த வயது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே தீர வேண்டும். பொதுவிதி இல்லாத இடத்தில்தான் பதிவேடு மேலும் முக்கியமாகிறது.

ஒட்டுண்ணியும் பெண் உடலும் புற்றுநோயும் ஒரே புள்ளியில் சந்தித்த கதை ஒன்று உண்டு. மலேரியா மிகுந்த ஊர்களில் வளர்ந்த பெண்கள், சிறுவயதிலேயே பலமுறை காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பார்கள். ஆனால் முதல் கருவுற்றதும் அந்தக் காப்பு பொய்த்துப்போகிறது. நெடுங்காலம் இதை 'கருவுற்றால் எதிர்ப்புக் குறையும்' என்று பொதுவாகச் சொல்லி வந்தார்கள். 1996-இல் மிச்சல் ஃப்ரீட், பேட்ரிக் டஃபி இருவரும், மலேரியா புகுந்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் உள்ள காண்ட்ராய்ட்டின் சல்பேட் ஏ என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொண்டு தங்குகின்றன என்று காட்டினார்கள். நஞ்சுக்கொடி புதிய உறுப்பு; ஆகவே அதற்கேற்ற புதிய பிடிப்புப் புரதத்தை ஒட்டுண்ணி அணிகிறது; உடல் அதை முன்பு பார்த்ததில்லை. அடுத்தடுத்த கருவில் அந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உருவாகி, ஆபத்து குறைகிறது. 2015-இல் கோபன்ஹேகனிலும் வான்கூவரிலும் இருந்த ஆய்வாளர்கள் இணைந்து, அந்த மலேரியாப் புரதம் பலவகைப் புற்றணுக்களின் மேலும் ஒட்டிக்கொள்வதைக் கண்டார்கள். நஞ்சுக்கொடி விரைந்து வளரவும் திசுக்களுக்குள் ஊடுருவவும் உதவும் அதே சர்க்கரைச் சங்கிலியைப் புற்றணுவும் மீண்டும் உடுத்திக்கொள்கிறது. மலேரியாவின் ஆயுதத்தைக் கொண்டே புற்றுக்கட்டியைக் குறிவைக்க முடியுமா என்ற ஆராய்ச்சி அங்கிருந்து பிறந்தது. கருவுற்ற பெண்களைத் தனியே பார்க்காமல் 'பெரியவர்கள்' என்று ஒரே கூடையில் போட்டிருந்தால், இந்தக் கதவு திறந்தே இருக்காது.

தனியே பார்க்காததன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மில்டெஃபோசின் ஜெர்மனியில் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட மருந்து. மார்பகப் புற்றுநோய் தோலில் பரவிய புண்களுக்குப் பூசப்பட்டது. பிறகு அதற்கு லீஷ்மேனியாவைக் கொல்லும் ஆற்றல் இருப்பது தெரிந்து, பீகாரில் நடந்த சோதனைகளுக்குப் பின் 2002-இல் கருங்காய்ச்சலுக்கான முதல் வாய்வழி மருந்தாக இந்தியாவில் அனுமதி பெற்றது. 28 நாள் மாத்திரை; ஊசி வேண்டாம், மருத்துவமனையில் படுக்க வேண்டாம். ஏழைகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் கருவைச் சிதைக்கக்கூடிய மருந்து அது. உடலில் நெடுநாள் தங்கவும் செய்யும். எனவே கருவுற்றவர்களுக்குக் கொடுக்க முடியாது. கருவுறும் வயதுப் பெண்கள் சிகிச்சைக் காலத்திலும் அதற்குப் பின் சில மாதங்களும் கட்டாயம் கருத்தடை செய்துகொள்ள வேண்டும். கருத்தடை பற்றி வீட்டில் வாய்திறக்கவே முடியாத ஒரு சிற்றூர்ப் பெண்ணுக்கு அந்த நிபந்தனை எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். 2014-இல் ஒரே தவணையில் ஏற்றும் லிப்போசோம் ஆம்போடெரிசின் முதன்மைச் சிகிச்சையாக வந்த பிறகே இந்த இக்கட்டு பெரிதும் நீங்கியது. மருந்து நல்ல மருந்துதான். அதன் வசதி இருபாலருக்கும் சமமாக அமையவில்லை என்பதே செய்தி.

புற்றுநோய்ச் சிகிச்சையிலும் இதே குழப்பம். 2018-இல் 20 சோதனைகளின் 11,351 நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, டி அணுக்களின் தடையை நீக்கும் புதிய நோயெதிர்ப்பு மருந்துகள் ஆண்களுக்கே அதிகப் பயன் தருவதாகச் சொன்னது. அடுத்த ஆண்டே மற்றொரு தொகுப்பாய்வு அப்படிக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. யார் சரி? முதல் தொகுப்பில் பெண்கள் 3,705 பேர்தான். மூன்றில் ஒரு பங்கு. பெண்களைக் குறைவாகச் சேர்த்துவிட்டு, பெண்களுக்கு வேலை செய்கிறதா என்று விவாதிப்பது, பாதி வாக்குகளை எண்ணிவிட்டு முடிவை அறிவிப்பது போன்றது.

இனி ஆய்வகத்துக்குள் வருவோம். தமிழ் இலக்கணத்தில் உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. அஃறிணைக்கு அந்தப் பாகுபாடு இல்லை. நோயாளியின் உயிரணு குடுவைக்குள் போன அந்த நொடியே நாம் அதை அஃறிணையாக்கிவிடுகிறோம். ஆனால் குடுவையில் வளர்வதற்கும் ஓர் உடல் இருந்தது. லீஷ்மேனியா ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும் ரா 264.7 ஓர் ஆண் எலியிடமிருந்து வந்தது; ஜே774 ஒரு பெண் எலியிடமிருந்து; டிஎச்பி-1 ஒரு வயது ஆண் குழந்தையிடமிருந்து. ஒன்றில் கிடைத்த முடிவு மற்றொன்றில் கிடைக்கவில்லை என்றால் நாம் வேதிப்பொருளைச் சந்தேகிக்கிறோம், கைப்பக்குவத்தைச் சந்தேகிக்கிறோம், பாலைச் சந்தேகிப்பதில்லை. அதுமட்டுமா? வளர்ப்பு ஊடகத்துக்கு அந்த இளஞ்சிவப்பு நிறத்தைத் தரும் ஃபீனால் ரெட் சாயமே மெல்லிய ஈஸ்ட்ரோஜனைப்போல் செயல்படுகிறது என்று 1986-லேயே காட்டிவிட்டார்கள். ஊடகத்தில் ஊற்றும் கன்றுக்கருச் சீரத்திலும் ஹார்மோன்கள் உண்டு. ஹார்மோன் இல்லாத சூழலில் ஆராய்வதாக எண்ணிக்கொண்டு, ஹார்மோன் கலந்த சாற்றில் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.

எதிர்வாதங்களையும் கேட்டிருக்கிறேன். முதலாவது, இருபால் எலிகளையும் சேர்த்தால் செலவு இரட்டிப்பாகும் என்பது. இருபது ஆண் எலிகளுக்குப் பதில் பத்து ஆண், பத்துப் பெண் என்று திட்டமிடலாம். இரண்டையும் இணைத்துக் கணக்கிடும் புள்ளியியல் முறை பழையது. பொதுவான விளைவைக் காண எலிகளின் எண்ணிக்கையை இரட்டிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, பெண் எலிகளின் சுழற்சி தரவைக் குழப்பும் என்பது. 2014-இல் 293 கட்டுரைகளை ஆராய்ந்தவர்கள், பெண் எலிகளின் மாறுபாடு ஆண் எலிகளைவிட அதிகமில்லை என்று கண்டார்கள்.

மூன்றாவது வாதம் கனமானது: வேறுபாட்டுக்குக் காரணம் உடலா, சமூகமா? ஆண்கள் சட்டையின்றி வெளியில் உறங்குவதால் மணல் ஈ கடிக்கலாம். பெண்கள் மருத்துவமனைக்குத் தாமதமாக வருவதால் பதிவேட்டில் குறைவாகத் தெரியலாம். உடல்சார்ந்த பாலும் சமூகம்சார்ந்த பாலினமும் வேறு வேறு. இரண்டும் ஒருசேர வேலை செய்கின்றன. ஆனால் அந்தக் கட்டத்தையே காலியாக விட்டுவிட்டால் இரண்டையும் பிரித்தறியும் வாய்ப்பே போய்விடும். இரண்டு சொற்களுக்குள் அடங்காத உடல்களும் உண்டு. ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும் திருநர் உண்டு. மாதவிடாய் நின்றவர், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர் உண்டு. அவர்களையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால் மேலும் விரிவாக எழுத வேண்டுமே ஒழிய, எழுதாமல் விடக் கூடாது.

உலகம் இதைத் தாமதமாகக் கற்றது. தாலிடோமைடு பேரழிவுக்குப் பிறகு, 1977-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருவுறக்கூடிய பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்கி வைக்கச் சொன்னது. 1993-இல்தான் அந்த விலக்கை நீக்கியது. தூக்க மாத்திரையான சோல்பிடெம் பெண்களின் உடலில் அதிக நேரம் தங்குவதால் அவர்களுக்குப் பாதி அளவே போதும் என்று 2013-இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் அந்த மாத்திரை சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2016 முதல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் நிதி கேட்போரிடம் பாலை ஓர் உயிரியல் காரணியாகக் கணக்கில் எடுக்குமாறு கேட்கின்றன.

நாம் யாரும் நிபந்தனை விதிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? கோணப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கரில் மின்னணுத் தொழிலுக்கென்று தொடங்கிய இந்த வட்டாரம், இன்று உயிரியலுக்கும் ஊராகிவிட்டது. மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் மருந்தின் ஒத்த வடிவத்தை 2014-இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த பயோகான் இங்கேதான் இருக்கிறது. அந்த மருந்தை எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் கொடுப்பதில்லை. கட்டியில் ஹெர்2 புரதம் மிகுந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே கொடுப்பார்கள். கட்டியின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்துக்கு அவ்வளவு மதிப்புத் தரும் அறிவியல், அந்தக் கட்டியைச் சுமக்கும் உடலின் பாலை ஒரு கட்டத்தில் எழுதத் தயங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

என்னைப் போன்ற ஆய்வு மாணவர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். தரவைப் பதிவேற்றும்போது பால் என்ற கட்டத்தை நிரப்புங்கள். தெரியவில்லை என்றால் ஏன் தெரியவில்லை என்று எழுதுங்கள். பிறர் தரவை இறக்கியதும், வேறு எதையும் செய்வதற்கு முன் எக்ஸிஸ்டையும் ஒய் குரோமோசோம் மரபணுக்களையும் பாருங்கள். பத்து நிமிட வேலை. உயிரணு வரிசையைப் பயன்படுத்தினால் அது எந்த உடலிலிருந்து வந்தது, எந்த ஊடகத்தில் வளர்ந்தது என்று செய்முறைப் பகுதியில் ஒரு வரி சேருங்கள். வழிகாட்டிகளிடமும் இதழ் மதிப்பீட்டாளர்களிடமும் ஒரே வேண்டுகோள்: அந்த வரி இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள்.

நான் பாலைக் கணக்கில் எடுத்து அந்தப் பகுப்பாய்வை மீண்டும் செய்தேன். நீண்ட பட்டியல் சுருங்கிச் சில மரபணுக்களே மிஞ்சின. சுவரொட்டியை விலக்கிக்கொண்டேன். மிஞ்சிய அந்தச் சிலவற்றை, பீகாரின் ஒரு சிற்றூரில் காய்ச்சலோடு படுத்திருக்கும் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் முன்னால் வைத்து, 'இது உங்கள் இருவருக்கும் பொருந்தும்' என்று என்னால் சொல்ல முடியும். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லியிருக்க முடியாது.